தலைக்கு மேலே ஒரு கிலோ

உக்கடம் சந்துக் கடையில்
மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தான் பையன்.
"இது பதினெட்டு வோல்ட்டுங்க்கா,
செவுரையே பொளந்து போடும்."

சுவரைப் பிளக்க வரவில்லை நான்.
பொங்கலூருக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணை,
முன்னூறு அடி நீளம்.
கூரைக்கடியில் ஆங்கிளில் ஓட்டை போட்டு
கிளிப் கடித்து
பனிபோலத் தண்ணீர் தூவும் குழாயை
பங்குனி வெயிலுக்குள் மாட்டித் தரவேண்டும்.
ஓட்டையில் சுண்டுவிரல்கூட நுழையாது.
எண்ணிக்கைதான் நானூற்றுச் சொச்சம்.

போன வருசம்
இரவல் வாங்கிய பெரிய மெஷினோடு ஏறினேன்.
தரையில் அது இரண்டே கால் கிலோ.
ஐந்தாம் படியில் நாலு.
உச்சிப்படியில், கை தலையைத் தாண்டியபின்,
அரிசிச் சிப்பம்.
மறுநாள் கொண்டை போடக் கை எழவில்லை.
நங்கை தமயந்திதான் சீவிவிட்டாள்,
சிக்கெடுக்கும் சாக்கில்
நாலு முடி சேர்த்துப் பிடுங்கி.
"இந்தப் பொழப்பு வேண்டாம்னு சொன்னனா இல்லியா?"
சொன்னாள்தான்.
ஏணி பிடிக்க அவளேதான் வந்தாள்.

பையன் நியூட்டன் மீட்டர் கணக்கை
ஒப்பித்துக்கொண்டே இருந்தான்.
நான் ஒவ்வொன்றாய்த் தலைக்கு மேலே தூக்கி
கூரையைப் பார்த்தபடி எண்ணினேன்.
முதலாவது, முப்பத்தாறில் முழங்கை நடுங்கியது.
இரண்டாவது அறுபது.
ஆணி வாங்க வந்த ஆள் ஒருவர்
சாமி வந்துவிட்டதோ என்று ஒதுங்கி நின்றார்.
மூன்றாவது நூறு தாண்டியும் கை அசையவில்லை.
எனக்கே சந்தேகம்.
"ஏந்தம்பி, பேட்டரி மாட்டிருக்கா?"
"இல்லீங்க்கா."
பெட்டியில் அச்சடித்த எடையும் அப்படித்தானாம்,
பொண்ணுக்கு நகை கழற்றி எடை போட்ட மாதிரி.

மாட்டச் சொன்னேன். பிட்டும் போடச் சொன்னேன்.
பக்கத்து வெங்காய மண்டிக்கு எடுத்துப் போய்த்
தராசில் வைத்தேன்.
மண்டிக்காரர் சிரிக்காமல் கேட்டார்,
"பெரிசா, சின்னதாம்மா?"
"சின்னதுதானுங்க."
ஒரு கிலோவுக்கு இருபது கிராம் கம்மி.

"சிமெண்டுக்கு ஆகாதுங்க்கா" என்றான் பையன்.
செரி.
"நாப்பது ஓட்டைக்கு ஒருக்கா பேட்டரி மாத்தோணும்."
செரி. கீழே இறங்க ஒரு சாக்கு.
"ஆம்பளைங்க யாரும் இதை எடுக்க மாட்டாங்க."
அதற்குச் செரி சொல்லவில்லை.
இன்னொரு பேட்டரி சேர்த்துப் போடு என்றேன்.

கைப்பிடியின் வளையத்தில்
திருப்பூர் பனியன் கம்பெனி வேஸ்ட்டில் எடுத்த
ஜட்டி எலாஸ்டிக்கை நாலு மடிப்பாய் முறுக்கி
மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.
எழுத்து பதித்த எலாஸ்டிக்.
ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிப் பேர்
என் நரம்பின்மேல் படுத்திருந்தது.

இருநூற்றுப் பதினாறாம் ஓட்டையில்
வியர்வை வழுக்கிக் கைவிட்டேன்.
கீழே தேங்காய்நார்த் தூளில்
பன்னிரண்டு நாள் குஞ்சுகள்,
தரை தெரியாத அளவுக்கு.
விழுந்தது.
விழுந்துகொண்டே போய்,
தமயந்தி தலைக்கு ஒரு சாண் மேலே நின்று,
திரும்ப என்னிடமே வந்தது.
வந்து, மறுபடி போனது.
மூக்கு விளக்கு மட்டும் அணையாமல்
வெளிச்சப் பொட்டு ஒன்று
குஞ்சுகளின் முதுகில் ஓட,
அதைக் கொத்தப்
பண்ணையே அந்தப் பக்கம் ஒரு ஓட்டம்,
இந்தப் பக்கம் ஒரு ஓட்டம்.

ஏணி குலுங்கியது.
மெஷின் ஆடியதால் அல்ல.
கீழே, தீனித்தொட்டிமேல் ஒரு கையை ஊன்றி
கண்ணில் நீர் வழிய
அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏணியைப் புடிங்க நங்கையா!"

பிடித்தாள்.
எலாஸ்டிக்கை இழுத்து மெஷினை ஏற்றி
பாவாடையில் கையைத் துடைத்து
ஆங்கிளில் சாக்பீஸ் புள்ளியைத் தேடினேன்.
இருநூற்றுப் பதினேழு.